செம்பு வேண்டாம்

வூட்ச் என்றால் படகு.
படகு விட ஆறில்லை இந்த ஊரில்;
இருந்ததையும் நெசவாலைகளின் காலத்தில்
குழாய்க்குள் இறக்கி, மேலே சாலை போட்டுவிட்டார்கள்.
அந்தச் சாலையின் கடைசிக் கட்டடம்,
மூன்றாம் மாடி, கிழக்குக் கோடி
போக்னா ஷெலிகாவின் ஆய்வறை.
நான் அங்கே கண்ணாடி கழுவுகிறவன்.

ஜனவரி. சனிக்கிழமை இரவு கொதிகலன் நின்றுபோயிற்று.
திங்கள் காலை கதவைத் திறந்தால்
உள்ளேயும் மூச்சு புகைகிறது.
வெள்ளியன்று வெந்நீர்த் தொட்டியில்
பால்போல் விட்டுவிட்டுப் போன குப்பிகள்
தெளிந்த தண்ணீராய் நிற்கின்றன.
கெட்டுவிட்டது என்று கொட்டப் போனேன்.
"கையை எடு" என்றாள்.

மற்றதெல்லாம் சூட்டில் இளகும்:
வெண்ணெய், மெழுகு, சில மனிதர்கள்.
இந்த இழைகளுக்குத் தலைகீழ்.
குளிரில் தண்ணீரின் தோள்மேல் கைபோட்டு
நீட்டிப் படுத்திருக்கும்;
முப்பத்திரண்டு பாகை தாண்டியதும்
தண்ணீரை உதறிவிட்டுத்
தமக்குள் சுருண்டுகொள்ளும்.
உள்ளங்கைச் சூடு போதும் என்று
ஒரு குப்பியைப் பொத்திக் காட்டினாள்.
நாலு நிமிடத்தில் மோராயிற்று.
கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் பொத்தினாள்;
குறிப்பேட்டில் எழுதக் கூடாத விஷயம்.

இடது வரிசை வெறும் இழை.
வலது வரிசை கோத்த இழை.
கோத்தது எப்படி என்பதில்தான்
அவளுடைய பதினோரு வருடம் இருக்கிறது.

ஊரெல்லாம் செம்பை வைத்துக் கோக்கிறது.
செம்பு கெட்டிக்காரத் தரகு.
இந்தக் கையைப் பிடித்து அந்தக் கையில் கொடுக்கும்,
பேச்சுக்கு முன் முடிந்துவிடும் சம்பந்தம்.
ஆனால் பந்தி முடிந்தும் வீட்டை விட்டுப் போகாது.
எத்தனை முறை அலசினாலும்
ஜெல்லின் ஓரத்தில் ஒரு பச்சை,
மறுநாள் தட்டில்
செத்துச் சுருங்கிய செல்கள்.
அந்தத் தட்டுகளையும் நான்தான் கழுவினேன்.

அவள் ஒரு வளையம் செய்தாள்.
எட்டுக் கரி அணுக்கள்.
நேராக மட்டுமே நிற்கத் தெரிந்த முப்பிணைப்பை
வளைத்து உள்ளே அடைத்த வளையம்.
வளைத்துக் கட்டிய மூங்கில்போல்
விறைத்துக்கொண்டே இருக்கும் அது.
யாரும் ஏவ வேண்டாம்.
மூன்று நைட்ரஜன்கள் வரிசையாய் வந்தால்
தன் வலியின் விசையிலேயே
தாவிப் பற்றும்.
பற்றியபின்
வலி இல்லை. விடுவதும் இல்லை.

"செம்பு மலிவு, உன் வளையம் தங்க விலை"
என்று எதிர் அறை ஓல்கியர்ட்
ஒரு கூட்டத்தில் சொன்னதிலிருந்து
நடைக்கூடத்தில் இருவருக்கும் வணக்கம் கிடையாது.
நாலு வருடம்.
அவருடைய குடுவைகள் நீலக் கறையோடு வரும்,
இவளுடையவை கறையில்லாமல்.
தேய்க்கிற கைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று
சொன்னால் பொய்.

சிவப்பு லேசருக்கு முன் குப்பிகளை வைத்தாள்.
இடது வரிசையில் துகள் இல்லை;
குளிர் கேட்டது, கரைந்து கொடுத்துவிட்டன.
வலது வரிசையும் கண்ணுக்குத் தண்ணீர்தான்.
இயந்திரம் சொன்னது: நானூற்றுப் பத்து நானோமீட்டர்.
வெள்ளியன்று நூற்றெண்பது.
இரண்டு மடங்குக்கும் மேல் ஊதி
ஒளிக்குக்கூட வழிவிட்டு
ஒரு முடிச்சும் அவிழாமல்.
மூன்று தரம் அளந்தாள்.
மூன்றாவது தரம் எழுதவில்லை,
பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பதினோரு மணிக்கு ஓல்கியர்ட் வந்தார்,
முழங்கால் உயரக் கணப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு.
"எங்களிடம் இரண்டு இருக்கிறது."
இல்லை. அந்த அறையைப் பெருக்குபவளும் என் மனைவிதான்;
இருப்பது ஒன்று.

கணப்பு சிவந்தது.
அருகிலிருந்த குப்பியின் விளிம்பில்
மெதுவாக ஒரு வெண்மை இறங்கிற்று.
அவர் குனிந்தார்.
"இராத்திரி முழுக்கக் குளிரில் இருந்ததா?"
"இரண்டு இராத்திரி."
"பிரியவில்லையா?"
அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.
நெடுநேரம் படித்தார், கைகளை
சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டு.
அவள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள்.

கணப்பின் கம்பிக்குள் இருப்பது செம்புதான்.
நான் எதற்குச் சொல்ல?
அழுக்குக் குடுவைகளைக் கூடையில் அடுக்கி
தொட்டிக்குப் போய்க் குழாயைத் திருகினேன்.
சுவருக்குள் எங்கோ உறைந்து கிடந்தது தண்ணீர்.
திறந்தபடியே விட்டுவிட்டுக் காத்திருந்தேன்.